குழாயடிக் கீரையும் குதிரை எருவும்

அன்புள்ள மகளுக்கு,

நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய். அதனால் சொல்லப்போவதை முதலிலேயே எண் போட்டு எழுதிவிடுகிறேன். நடுவில் களைத்து நிறுத்தினாலும் முக்கியமானது உன் கையில் இருக்கும்.

1. பிரான்காச்சோவில் உங்களுக்குக் கிடைத்த வளவின் மண்ணுக்கு என்ன நடந்தது. அதை முதல் நாளே உன்னிடம் சொல்லாமல் விட்டது ஏன்.
2. எண்ணெய் ஊறிய மண்ணுக்குக் குதிரை எரு என்ன செய்யும். அதை நாங்கள் எப்படிச் செய்தோம்.
3. எருவால் ஆகாத காரியங்கள்.
4. குழாயடி மூலையில் பயமில்லை. அங்கே நீ தாராளமாகக் கால் வைக்கலாம்.
5. எனக்குப் பயம் வரும் என்று நினைத்து என்னிடம் எதையும் மறைக்காதே.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் தொலைபேசியில் விளக்கத் தொடங்கினால், "அப்பா, பாடம் எடுக்காமல் விசயத்தைச் சொல்லுங்கோ" என்று நீ சிரிப்பாய். நீ சிரித்தவுடன் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, எங்கள் ஆட்களில் வேறு சிலரும் அந்தப் பக்கத்தில் துண்டு நிலங்களை எடுத்துப் பயிற்றங்காயும் கத்தரியும் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்று இதைத் திறந்த கடிதமாகவே எழுதுகிறேன். உன் பெயரை எங்கும் போடவில்லை. என் பெயரையும் போடவில்லை. அது அடக்கத்தினால் அல்ல, என்னைத் தெரியுமல்லவா, பயத்தினால்.

உனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. அதற்கு முன்பு நீயும் சால்வோவும் அந்த வளவின் மேல்மாடி வீட்டுக்குக் குடிபோக நினைக்கிறீர்கள். பிள்ளை என்றால் தவழும், மண்ணைப் பிசையும், பிசைந்த கையை வாயில் வைக்கும். அந்த மண் எப்படிப்பட்டது என்பதுதான் எனக்குள்ள ஒரே கேள்வி. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவதுதான்.

உன் கலியாணப் பேச்சு முற்றான அன்று, சால்வோவின் தகப்பன் நினோ எங்களைத் தன் வளவுக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கும். அவர் வாழ்நாள் முழுவதும் லொறி திருத்திய இடம். இரும்புக் கதவைத் திறந்து, இரண்டு கைகளையும் விரித்து, "இதெல்லாம் இனி இவங்கள் ரெண்டு பேருக்கும்" என்றார். நீ அவரைக் கட்டிப்பிடித்தாய். அம்மா கண்ணைத் துடைத்தாள். நான் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மணந்து பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் விவசாய விஞ்ஞானம் படிப்பித்த காலத்திலிருந்து இருக்கிற பழக்கம். பிறகு இத்தனை வருடம் இங்கே இத்தாலியில் வீடுகள் துடைத்தும், ஒரு வயதான சிஞ்ஞோராவை, இந்த ஊர் அம்மாவை, பராமரித்தும் கழித்தாலும் அந்தக் கை மாறவில்லை. மண் கறுப்பாக, பிசினாக இருந்தது. விரலில் ஒட்டியது கழுவினாலும் போகவில்லை.

"அப்பா, என்ன?" என்று நீ கேட்டாய்.

"ஒண்டுமில்லை பிள்ளை" என்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா விடவில்லை. "இஞ்சாருங்கோ, மண்ணை மணந்து பாத்தனீங்கள். முகம் ஒரு மாதிரிப் போச்சுது. என்னெண்டு சொல்லுங்கோ."

"டீசல். பழைய எஞ்சின் எண்ணெயும்."

"அதை அங்கை சொல்லியிருக்கலாமே."

"கலியாணப் பேச்சுக்கை போய், உங்கட சீதனம் நாறுது எண்டு சொல்லுறதே?"

"பெம்பிளைப் பக்கம் சீதனம் வாங்கிற அதிசயம் இத்தாலியிலைதான் நடக்குது. அதுக்கும் ஒரு குறை பிடிச்சிட்டார்" என்றாள் அம்மா. சுற்றியிருந்தவர்களுக்கு விளங்காது என்ற தைரியத்தில் உரத்துத்தான் சொன்னாள்.

உண்மையில் எனக்கு அன்று மண்ணைப் பற்றிய பயம் மட்டும் இல்லை. பிற சாதி, பிற மொழி, பெரிய குரலில் கதைக்கிற குடும்பம், மோட்டார் எண்ணெய் படிந்த நகங்கள் என்று என் பயங்கள் வரிசையாக நின்றன. மண்ணைப் பற்றி வாய் திறந்தால் மற்றதும் சேர்ந்து வெளியே வந்துவிடுமோ என்று நினைத்தேன். அதனால் எதையுமே சொல்லாமல் விட்டேன். பயப்படுகிறவர்கள் கவனமானவர்கள் என்று நீ நினைக்காதே. பல வேளைகளில் நாங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள், அவ்வளவுதான். நீ உன் வீட்டில் அப்படி இராதே. ஒன்று பிழையாகத் தெரிந்தால், சபை எதுவென்று பார்க்காமல் அங்கேயே சொல்லு.

நான் சொன்னது கலியாணம் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு மதியச் சாப்பாட்டில். அதுவும் நேரடியாக அல்ல. "நினோ, பழைய எண்ணெயை முந்தி எங்கை ஊத்திறனீங்கள்?" என்று கேட்டேன், ஏதோ சரித்திரம் கேட்பதுபோல.

நினோ முள்ளுக்கரண்டியால் வளவு இருக்கிற திசையைக் காட்டினார். "நிலத்திலைதான் புரொபெசோரே. வேறை எங்கை? அந்தக் காலத்திலை எல்லாரும் அப்பிடித்தான். மண் எல்லாத்தையும் சாப்பிடும்." இந்த ஊரில் பள்ளி ஆசிரியரைக் கூப்பிடுகிற பெயரால்தான் அவர் என்னைக் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி பகிடி.

"சாப்பிடும்" என்றேன். "ஆனால் தெம்பாய் இருக்கிற மண்தான் சாப்பிடும். உங்கட மண்ணுக்கு வயித்துக்குள்ளை ஒண்டுமில்லை."

சால்வோ கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். துறைமுகத்தில் பாரம் இறக்கி ஏற்றிவிட்டு வந்தவன், நித்திரைக் கண்ணோடு இருந்தான். "விளங்கேல்லை. சொல்லுங்கோ" என்றான். யாராவது என்னைப் பார்த்து அப்படிக் கேட்டு எத்தனையோ காலம். நான் பாடம் எடுத்தேன். நீ சிரித்தாய். அவன் சிரிக்கவில்லை.

இரண்டாவதுக்கு வருகிறேன். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றில் சில எண்ணெயைத் தின்னக்கூடியவை. எண்ணெய் அவற்றுக்கு வெறும் சோறு மாதிரி. வெறும் சோற்றை மட்டும் எத்தனை நாள் தின்னலாம்? கறி வேண்டும். நைதரசனும் பொசுபரசும் வேண்டும். எண்ணெயில் அவை இல்லை, எருவில் இருக்கின்றன. எருவோடு புதிய நுண்ணுயிர்களும் வந்து சேரும். அதோடு காற்று வேண்டும், ஈரம் வேண்டும், கொஞ்சம் வெப்பம் வேண்டும். இவ்வளவும் கிடைத்தால் அவை எண்ணெயைத் தின்று காற்றாகவும் நீராகவும் ஆக்கிவிடும். மந்திரம் ஒன்றும் இல்லை. ஊரில் செம்பாட்டு மண்ணுக்கு எரு போடுவதும் இதுவும் உறவுமுறையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். அங்கே பயிருக்குப் போடுகிறோம், இங்கே கிருமிக்கு.

எரு எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. எங்கள் பகுதியான போர்கோ வெக்கியோவில் பழைய கராஜுகளுக்குள் குதிரை வளர்க்கிறவர்களை நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவள். கதவிடுக்கால் குதிரைக்குக் கரட் கொடுக்கப்போய், கடித்துவிடும் என்று நான் உன்னை இழுத்துக்கொண்டு ஓடியதும் அங்கேதான். சுற்றுலாக்காரரை வண்டியில் ஏற்றிச் செல்கிற வீத்தோவிடம் போய், மிகுந்த தயக்கத்தோடு, பழைய எரு கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"கொஞ்சமோ? முழுக்கக் கொண்டு போங்கோ" என்றார் வீத்தோ. "என்ரை மனுசி உங்கட பேரிலை கோயிலிலை மெழுகுதிரி கொளுத்துவா. எதுக்கு? ரோசாச் செடிக்கோ?"

"இல்லை, டீசலுக்கு."

அவர் குதிரையின் பக்கம் திரும்பி, "கேட்டியோ? உன்ரை சாமான் இனி லொறிக்கு ஓடப்போகுதாம்" என்றார்.

முதற் பரிசோதனைக்கு ஒரு வாளி போதும். சால்வோவிடம் வான் கேட்கக் கூச்சமாக இருந்தது. மூடியுள்ள வாளி ஒன்றில் எருவை நிரப்பி, துணியால் கட்டி, பிரான்காச்சோ பஸ்ஸில் ஏறினேன். மூடி இருந்து என்ன பயன்? இரண்டு தரிப்பிடம் போகவில்லை, முன்னால் இருந்த ஒரு சிஞ்ஞோரா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆரோ மிதிச்சுப்போட்டு வந்திருக்கினம். சப்பாத்தைப் பாருங்கோ எல்லாரும்" என்று கத்தினாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் காலைத் தூக்கிச் சப்பாத்தின் அடியைப் பார்த்தார்கள். நானும் தூக்கிப் பார்த்தேன். பார்த்துவிட்டு, என்னுடையது இல்லை என்பதுபோல் தலையை வேறு ஆட்டினேன். வாளி என் இரண்டு கால்களுக்கும் நடுவில் இருந்தது. இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். சால்வோவுக்கு அவள்தான் சொன்னாள். அடுத்த நாள் அவன் வானோடு வாசலில் நின்று "சரி மாமா" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், அதை எல்லா இடத்துக்கும் பாவிப்பான். அன்று அது சரியான இடத்தில் விழுந்தது.

செய்த முறையை எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவலாம். முதலில் நகரசபைக்குச் சொல்லி, மண் பரிசோதிக்கிற பெண் ஒருவரை அழைத்தோம். ஜியோலொகா என்பார்கள். இதை ஒளித்துச் செய்யக் கூடாது. மண்ணுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது, அது உங்கள் வளவோடு நின்றுவிடாது. பிறகு கறுத்த மண்ணைத் தோண்டி, தடித்த பிளாஸ்டிக் விரிப்பின் மேல் நீளமான, உயரம் குறைந்த வரம்புகளாகக் குவித்தோம். விரிப்பின் ஓரங்களை உயர்த்திவிட்டோம், மழைக்குக் கழுவுப்பட்டு ஓடக் கூடாது. நன்றாக மக்கிய எருவையும் குதிரைக்குப் படுக்கையாகப் போட்ட வைக்கோலையும் கலந்தோம். வைக்கோல் இருந்தால் மண் இறுகாது, காற்று போகும். பச்சை எருவைப் போடக் கூடாது. அது சூடேறும், அதன் உப்பும் அமோனியாவும் நாங்கள் வளர்க்க நினைக்கிற கிருமிகளையே கொன்றுவிடும். கிழமைக்கு ஒருமுறை புரட்டினோம். ஷிரோக்கோ என்கிற வெக்கைக் காற்று அடிக்கிற நாட்களில் மண் ஓடுபோலக் காய்ந்துவிடும், அப்போது தண்ணீர் தெளித்து மூடினோம். ஒரு வரம்பை மட்டும் எரு போடாமல், மற்றதெல்லாம் செய்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவைத்தேன்.

"மாமா, அந்தப் பாவத்துக்கு மட்டும் ஏன் சாப்பாடு இல்லை?" என்று சால்வோ என்னைக் கேட்டான். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால், மாறியது எருவினாலா வெயிலினாலா என்று தெரியாது என்று சொன்னேன். அவன் மறுநாள் அந்த வரம்பில் ஒரு பலகை நட்டு, "உபவாசம்" என்று இத்தாலியனில் எழுதிவைத்தான்.

கோடை வந்தபோது எரு போட்ட வரம்புகளில் டீசல் மணம் குறைந்து, மழைக்குப் பிந்திய மண் மணம் வந்தது. உபவாச வரம்பு இன்னும் கராஜ் மாதிரியே மணந்தது. நினோ ஒரு பிடி எடுத்து மணந்துவிட்டு, "நான் சொன்னனான் தானே, மண் சாப்பிடும்" என்று தன் வெற்றியாக்கிக்கொண்டார். நான் மறுக்கவில்லை. ஆனால் உனக்குச் சொல்கிறேன்: மூக்கை நம்பாதே. மணம் போனால் இலேசான எண்ணெய் போயிருக்கிறது என்று அர்த்தம். தார் மாதிரிக் கனமானவை மணக்காமலே கிடக்கும். அவை போக இன்னும் காலம் எடுக்கும், சில போகாமலும் விடலாம்.

மூன்றாவது இதுதான். எரு எல்லாம் செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கிருமி தின்னக்கூடியதைத்தான் தின்னும். ஈயம் போன்ற உலோகத்தை எந்தக் கிருமியும் தின்று இல்லாமல் ஆக்காது. ஈயம் மண்ணில் விழுந்தால் மண்ணிலேயே இருக்கும், யாராவது அள்ளிக்கொண்டு போகும் வரைக்கும். பெரியவர்களை விடக் குழந்தைகளுக்கும், வயிற்றில் பிள்ளை உள்ளவர்களுக்கும் அது கெடுதல். அதற்கு நிறமில்லை, மணமில்லை. செடி அதன் மேல் பச்சையாகவே நிற்கும்.

நான்காவது, உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன். வளவின் பின்மூலையில், மதிலோரம் குழாய் இருக்கிறதல்லவா, அந்த இடம் நல்ல இடம். நினோவை வளவு முழுக்க நடத்தி, எண்ணெய் ஊற்றிய இடமெல்லாம் காட்டச் சொன்னேன். அந்த மூலையை அவர் காட்டவில்லை. மண்ணும் அங்கே பழுப்பு நிறம். தானாக முளைத்த செடிகள் செழித்து நின்றன. குழாய்த் தண்ணீர் அந்தப் பக்கம்தான் வடிகிறது. தண்ணீர் வடிகிற இடத்தை வெறுமனே விடுவது எங்களுக்குக் கைவராத காரியம். ஊரில் கிணற்றடியில் குளித்த தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் வாழை வைக்காத வீடு உண்டா? நான் அங்கே ஒரு வாழைக்குட்டியும் கொஞ்சம் மிளகாயும் ஒரு பாத்தி தண்டுக்கீரையும் வைத்தேன். அந்தக் கீரையைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பையில் போட்டு உன்னிடம் தருகிறேன். போன முறையும், "நல்ல ருசி அப்பா" என்றாய். இந்த நேரத்தில் உனக்கு இரும்புச்சத்து வேண்டும். ஜியோலொகாவிடம் மண் மாதிரி கொடுத்தபோதும், வரம்புகளோடு ஒப்பிடச் சுத்தமான மண் ஒன்று வேண்டும் என்று, குழாயடி மண்ணையே ஒரு பொதியில் கட்டி அனுப்பியிருக்கிறேன். உலோகமும் சேர்த்துப் பார்க்கட்டும் என்று எல்லாப் பொதிக்கும் ஒரேமாதிரி எழுதினேன். முடிவு வர இன்னும் சில நாள் ஆகும். வரம்புப் பக்கம் எப்படியும் போகட்டும், குழாயடியில் நீ தாராளமாகக் கால் வைக்கலாம். பிள்ளையும் அங்கே விளையாடலாம். இதை நான் பொறுப்பெடுத்துச் சொல்கிறேன். எதற்கும் பொறுப்பெடுக்காத மனிதன் இதற்கு எடுக்கிறேன்.

ஐந்தாவது எழுதக் கஷ்டமானது. நீ பள்ளியில் படிக்கும்போது, மொந்தே பெல்லெக்ரீனோவில் ஓர் இரவு கூடாரமடித்துத் தங்குகிற பயணம் ஒன்று வந்தது. நீ ஒரு மாதம் அதைப் பற்றியே கதைத்தாய். நான் பாறை, பாம்பு, குளிர் எல்லாவற்றையும் யோசித்துவிட்டு, உனக்குக் காய்ச்சல் என்று ஆசிரியைக்குப் பொய்க் கடிதம் கொடுத்தேன். நீ அழவில்லை. அடுத்த முறை கடலுக்குப் போனபோது, நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாய். தலைமயிரில் மணல் இருந்தது, நான் கண்டும் கேட்கவில்லை. சால்வோவைக்கூட அம்மாவுக்கு முதலில் சொல்லி, அம்மா என்னைத் தயார்படுத்தி, பிறகுதான் நீ சொன்னாய். இந்த வீட்டில் கெட்ட செய்தி எல்லாம் எனக்குக் கடைசியாகத்தான் வரும். வருத்தமாகத்தான் இருக்கிறது. பயந்தாலும் பரவாயில்லை, இனி எல்லாவற்றையும் என்னிடம் சொல்லு. முக்கியமாக உன் உடம்பைப் பற்றி, பிள்ளையைப் பற்றி. தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்து பயப்படுவது எனக்கு இலேசு.

இதுவரை எழுதியது போன ஞாயிறு. உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருந்தேன். புதன்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் வரம்புகளைப் பார்த்தேன். எரு போட்டவற்றில் எண்ணெயின் அளவு நன்றாகக் குறைந்திருந்தது. உபவாச வரம்பில் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. எனக்கு வயது மறந்துபோனது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு கடைசி வரி. அதில் எண்ணெய் இல்லை. ஈயம் இருந்தது, இருக்கக் கூடாத அளவுக்கு. அது குழாயடிப் பொதி.

பொதிகளை மாறி வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜியோலொகாவுக்கு அழைத்தேன். "மாறேல்லை சிஞ்ஞோரே" என்றாள், மிகப் பொறுமையாக. "அந்த மூலையிலை என்ன நடந்தது எண்டு ஆரையாவது கேட்டுப் பாருங்கோ."

நான் பஸ் பிடித்து நினோவிடம் போனேன். கதவைத் திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டேன். "நினோ, பைப்படியிலை முந்தி என்ன செய்தனீங்கள்?"

"பைப்படியிலையோ? பழைய லொறிப் பற்றறியளை அங்கைதான் உடைக்கிறது. அசிட்டை ஊத்திப்போட்டு, கழுவிப்போட்டு, ஈயத்தை எடுத்து விக்கிறது. கழுவத் தண்ணி வேணுமே."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எண்ணெய் ஊத்தின இடத்தைத்தானே கேட்டனீங்கள் புரொபெசோரே! எண்ணெய் ஊத்தின ஒரு இடத்தையும் நான் ஒளிக்கேல்லை" என்றார். உண்மைதான், ஒளிக்கவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பெரிய குரல் ஒரேயடியாக இறங்கியது. "அந்தக் கீரை. அவள் சாப்பிட்டவளோ?"

நாங்கள் இரண்டு பேரும் அந்த வாசலில் நின்றோம். அவருடைய எண்ணெய் படிந்த அந்த நகங்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் தொலைபேசியில் உன் இலக்கத்தை அழுத்தித் தந்தார்.

நீ எடுத்தாய். "பிள்ளை, நான் தந்த கீரை எத்தனை தரம் சாப்பிட்டனீ?" என்று கேட்டேன். "ஏன் அப்பா?" என்றாய். "சொல்லு ராசாத்தி, பொய் சொல்லாதை. அதுக்குள்ளை ஈயம் இருக்கு."

"அப்பா, கோவிக்க மாட்டியளே?"

"சொல்லு."

"நான் ஒருநாளும் சாப்பிடேல்லை. அதின்ரை மணம் எனக்கு இப்ப வயித்தைப் பிரட்டுது. ஒவ்வொரு கிழமையும் குப்பை வாளிக்குள்ளைதான் போட்டனான். ருசி எண்டு சொன்னால் உங்கட முகம் அப்பிடிச் சந்தோசமா இருந்தது. அதாலை சொல்லேல்லை."

நான் நினோவின் வாசற்படியில் இருந்துவிட்டேன். என்ன சொன்னாய் என்று அவர் கேட்டார். "குப்பையிலை போட்டவளாம்" என்றேன். அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அழுதார். பிறகு தன் தொப்பியால் முகத்தைத் துடைத்துவிட்டு, "என்ரை மருமோள் கெட்டிக்காரி" என்றார். நான் ஓம் என்றேன்.

உன் இரத்தப் பரிசோதனை நல்லது என்று வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தப் பேனையைப் பிடிக்க முடிந்தது. கீரையைக் கறியாக்கி ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் அம்மாவும் நானும்தான். எங்களுடைய முடிவு அடுத்த கிழமை வரும். "எனக்கு இந்த வயதிலை ஈயம் என்ன செய்யும்? கொஞ்சம் பாரம் கூடும்" என்கிறாள் அம்மா. நீ பயப்படாதே. பயப்படுகிற வேலையை வழக்கம்போல் நான் பார்த்துக்கொள்கிறேன். வாழையையும் கீரையையும் கையுறை போட்டுப் பிடுங்கி, தனியாகக் கட்டி வைத்திருக்கிறோம். குழாயடி மண்ணை உரிமம் உள்ளவர்கள் வந்து தோண்டிக்கொண்டு போவார்கள், சால்வோ பேசிவிட்டான். வரம்புகளுக்கு இன்னொரு சுற்று எரு வேண்டும் என்கிறாள் ஜியோலொகா. வீத்தோவின் குதிரைக்குச் சொல்லிவிட்டேன். இரண்டாவது முடிவு வரும்வரை நீங்கள் இப்போது இருக்கிற வீட்டிலேயே இருங்கள். பிள்ளை அங்கேயே பிறக்கட்டும்.

அந்த வளவை விட்டுவிடு என்று எழுத இருந்தேன், எழுதவில்லை. கறுப்பாக இருந்த மண்ணுக்குத்தான் நான் இரவும் பகலும் பயந்தேன், அது திருந்திக்கொண்டு வருகிறது. எனக்குப் பிடித்த பச்சை மூலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பதில் தெரிந்த மனிதர் பக்கத்திலேயே இருந்தார். அவரிடம் இரண்டாவது கேள்வி கேட்க எனக்குக் கூச்சம்.

இந்தக் கடிதத்தைத் திருத்தி, புதிதாக எழுதலாம் என்று அம்மா சொன்னாள். நான் செய்யவில்லை. ஆய்வுகூடத்தில் பிழையான அளவு வந்தால் அழிக்கக் கூடாது, வாசிக்கக்கூடியபடி ஒரு கோடு போட வேண்டும் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஐந்தாவதுக்குக் கோடு போட எடுத்த பேனையை இரண்டு தரம் திரும்ப வைத்துவிட்டேன். நீ என்னிடம் மறைத்ததால்தான் தப்பினாய் என்பது எனக்குத் தெரிகிறது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால், இரும்புச்சத்து என்று நானே தின்ன வைத்திருப்பேன். ஆனாலும் அதை அப்படியே விடுகிறேன், உன் மனம்போல் செய்.

நான்காவதுக்குக் கோடு போட்டுவிட்டேன். நான்காவது பிழை, மகள். குழாயடியில் கால் வைக்காதே.

அப்பா